அரிசி டின்னுக்கு அடியில் ஒரு நோட்டு

(கணவனிடம் அடிபட்ட ஒரு பெண்ணைப் பற்றிய ஓராள் நாடகம் முடிந்த பிறகு, நூலக வாசகர் வட்டத்தில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம்.

நாடகம் முடிந்ததும் ஒரு தம்பி மேடைக்குப் பின்னால் வந்து கேட்டார்: “அக்கா, புருஷன் வேஷத்துக்கு ஆள் கிடைக்கலையா? எல்லாத்தையும் நீங்களே ஏன் பண்றீங்க?” நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் மைக்கை வாங்கினேன்.

ஆள் கிடைத்தார். முதலில் இரண்டு பேராகத்தான் ஒத்திகை பார்த்தோம். கணவராக நடித்தவர் நல்ல நடிகர். ஆனால் அவர் குரலை உயர்த்தியதும் கூடத்தில் இருந்த எல்லோருடைய கண்ணும் அவர் மேலேயே போனது. அடி விழுகிற காட்சியில் அடிக்கிறவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்றாம் நாள் ஒத்திகையை நிறுத்திவிட்டேன். அந்தப் பெண்ணின் வீட்டில் நடந்ததை ஊருக்குச் சொன்னதெல்லாம் கணவர்தான். “அவளுக்கு வாய் ஜாஸ்தி, அவளே வழுக்கி விழுந்தா, நான் லேசாத்தான் தட்டினேன்.” இனி அவர் பேச்சும் அவள் வாயால்தான் வரவேண்டும் என்று நினைத்தேன். அதனால்தான் கணவரின் வசனம் வரும்போது நான் கத்துவதில்லை. கொடியில் கிடக்கிற துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, நோட்டைப் பார்த்து வாசிக்கிறேன்.

அந்த நோட்டு என் பெரியம்மாவுடையது. அவர் இப்போது இல்லை. நாட்குறிப்பெல்லாம் இல்லை, மளிகைக் கணக்கு எழுதுகிற நீள நோட்டு. ஒரு பக்கத்தை அப்படியே சொல்கிறேன்:

“து.பருப்பு 1 கிலோ. புளி அரை. தேங்காய் 2. இடது கை தூக்க முடியவில்லை. மாவு ஆட்டவில்லை. மண்ணெண்ணெய் 3 லிட்டர்.”

யார், எதற்கு என்று ஒரு சொல் கிடையாது. மேலே தேதி இருக்கிறது. இந்தத் தேதி சின்ன விஷயம் இல்லை. மறுநாள் காலையில் காபி கேட்கும்போது கணவர் ஒன்றும் நடக்காத மாதிரி இருப்பார். ஒரு வாரம் போனால், நாமும் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டோமோ என்று அவளுக்கே தோன்ற ஆரம்பிக்கும். ஒரு மாதத்தில் எது எப்போது நடந்தது என்பதே கலங்கிவிடும். நோட்டுக்குக் கலக்கம் கிடையாது.

ஒருநாள் மத்தியானம் பெரியம்மா அந்த நோட்டை முதலிலிருந்து படித்திருக்கிறார். பருப்பையும் புளியையும் தள்ளிவிட்டு, கை, முதுகு, காது என்று வருகிற இடங்களை மட்டும் எண்ணியிருக்கிறார். ஒரே வருஷத்தில் 17. “எப்பவாவது கோபம் வரும்”னுதான் அதுவரை அவரே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாராம். எண்ணிய மறுநாள் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். நாடகத்தில் நான் ஒன்று, இரண்டு என்று எண்ணுகிற அந்த நீண்ட காட்சி அதுதான். சுருக்கச் சொல்லி நண்பர்கள் பலர் சொன்னார்கள். சுருக்க மாட்டேன். அவர் ஒவ்வொன்றாகத்தானே எண்ணினார்?

இந்த நாடகத்துக்கு எனக்குத் துணிச்சல் கொடுத்தவர் பேபி ஹால்தார். வங்காளத்துப் பெண். 12 வயதில், தன்னைவிட 14 வயது மூத்தவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். வேறொரு ஆளோடு பேசினாள் என்று கணவன் கல்லால் மண்டையை உடைத்தான். அக்காவை அவளுடைய கணவனே கொன்றான். 1999இல், 25 வயதில், மூன்று பிள்ளைகளோடு டெல்லிக்கு ரயில் ஏறினார். குர்காவனில் பிரபோத் குமார் என்ற ஓய்வுபெற்ற பேராசிரியர் வீட்டில் வேலை கிடைத்தது. அவர் இந்தி எழுத்தாளர் பிரேம்சந்தின் பேரன். புத்தக அலமாரியைத் துடைக்கிற பெண் ஒவ்வொரு புத்தகத்திலும் கொஞ்ச நேரம் நின்றுவிடுவதைப் பார்த்தார். வங்கதேச எழுத்தாளர் தஸ்லிமா நஸ்ரினின் புத்தகத்தைப் படிக்கக் கொடுத்தார். அப்புறம் ஒரு நோட்டும் பேனாவும் வாங்கிக் கொடுத்து, உன் கதையை எழுது என்றார். வேலை முடிந்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு எழுதினார். 2002இல் அது முதலில் இந்தியில் நூலாக வந்தது.

அந்த நூலில் ஒன்று என்னை உலுக்கியது. “நான்” என்று சொல்லிக்கொண்டே வருகிறவர், சில இடங்களில் தன்னையே “பேபி” என்று யாரோ ஒரு பெண்ணைப்போல எழுதுகிறார். அடிபட்ட சிறுமியைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கிறார். நாடகத்தில் நான் சில இடங்களில் பாயை விட்டு எழுந்து, அந்தக் காலிப் பாயைப் பார்த்து “அவள்” என்று பேசுவதைக் கவனித்திருப்பீர்கள். அது அங்கிருந்து கற்றுக்கொண்டதுதான்.

நம் துவரங்குறிச்சியில் கவிஞர் சல்மா வீட்டாருக்குத் தெரியாமல் கழிப்பறையில் நின்றுகொண்டு எழுதியதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த வீட்டில் அவருக்குத் தனிமை கிடைத்த இடம் அதுதான்.

எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. நோட்டு அடியைத் தடுக்காது. கையில் சிக்கினால் அதற்கும் சேர்த்து அடி விழும். 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள, திருமணமான பெண்களில் 100க்கு 38 பேர் கணவரின் வன்முறையைச் சந்தித்திருக்கிறார்கள். நாடு முழுக்கப் பார்த்தால் 29 பேர். நம் கணக்கு அதைவிட மோசம். இந்தக் கூடத்தில் எத்தனை வரிசை நாற்காலி இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005இல் வந்தது, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தச் சட்டத்துக்காக அரசு நியமித்திருக்கிற பாதுகாப்பு அலுவலரிடம் போனால் ஒரு படிவம் நிரப்புவார். உடம்பில் பட்டது, பாலியல் கொடுமை, சொல்லாலும் மனதாலும் செய்தது, பணத்தை முடக்கியது என்று தனித்தனியாக இருக்கும். தேதி, இடம், நேரம் கேட்கும். அங்கேதான் பல பெண்கள் திணறிப் போகிறார்கள். பெரியம்மா காலத்தில் இந்தச் சட்டம் இல்லை. இருந்திருந்தால் அந்த மளிகை நோட்டே பாதிப் படிவத்தை நிரப்பியிருக்கும். உதவிக்கு 181 என்ற எண் இருக்கிறது, இரவிலும் எடுப்பார்கள். எழுத முடியாதவர்கள் அதையாவது மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. போன வருஷம் ஒரு சின்ன ஊரில் நாடகம் போட்டோம். எல்லோரும் போன பிறகு அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா வந்து நின்றார். நடிப்பைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. “அந்த நோட்டை உங்க பெரியம்மா எங்க வெச்சிருந்தாங்க?” என்று கேட்டார்.

“அரிசி டின்னுக்கு அடியிலம்மா.”

கொஞ்ச நேரம் யோசித்தார். “எங்க வீட்ல அரிசிய அளந்து போடுறதே அவருதான். வேற இடம் இருந்தா சொல்லும்மா.”

எனக்குச் சட்டென்று எந்த இடமும் தோன்றவில்லை. அங்கிருந்து என் ஊர் அரை மணி நேர பஸ். என் வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்றேன். இப்போது அந்த அம்மாவின் நோட்டு என் பீரோவில், புடவைகளுக்கு நடுவில் இருக்கிறது. சந்தைக்கு வருகிற நாளில் வந்து, அடுப்படியில் உட்கார்ந்து எழுதிவிட்டு, காய்ப்பையைத் தூக்கிக்கொண்டு போகிறார். நான் அதை இதுவரை திறந்து பார்த்ததில்லை.