ஏழு இடங்களும் எழுபது பெயர்களும்

(ஸ்காபரோவில் பெற்றோரும் மாணவரும் கூடிய ஒரு கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்பான பெற்றோரே, பின்வரிசையை முழுதாகப் பிடித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் கடைசியில் அல்லது மே தொடக்கத்தில் ஒரு நாள் மாலை, கனேடிய ஃபுட்போல் லீக்கின் ஒன்பது அணிகளும் முறைவைத்துப் பல்கலைக்கழக ஆட்டக்காரர்களின் பெயர்களைச் சொல்லுகின்றன. எட்டுச் சுற்று. முடியும்போது எழுபது பெயர் அளவில் வந்திருக்கும். ரொறன்ரோ கூடைப்பந்து அணியான ராப்டர்ஸ் எந்த ஆண்டு யாரை எடுத்தது என்று கேட்டால் நம் பிள்ளைகள் பாடமாகச் சொல்லுவார்கள். ட்ராஃப்ட் என்கிற இந்த ஆள்தெரிவு மட்டும் சத்தமில்லாமல் நடந்து முடிந்துவிடுகிறது. ஆனால் ஸ்காபரோவிலோ பிரம்டனிலோ பள்ளிக்கூட மைதானத்தில் ஓடி விளையாடும் ஒரு பிள்ளை தொழில்முறை ஆட்டக்காரர் ஆவதற்கு இந்த நாட்டில் இருக்கிற அகலமான வாசல் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். அந்த வாசல் யாருக்கு எப்படித் திறக்கிறது என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. நம்மவர்கள் ஊரில் ஆடிய உதைபந்து இல்லை இது. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும் எறிவதுமான ஆட்டம். அமெரிக்க ஆட்டத்துக்கு நெருங்கிய உறவு என்றாலும் இங்கே ஒரு பக்கத்துக்கு பன்னிரண்டு பேர். பத்து யார்ட் முன்னேற மூன்றே முயற்சி, அமெரிக்காவில் நான்கு. மைதானமும் இங்கே அகலம் கூடியது. சரி, இது போதும்.

இனி 1935-ஆம் ஆண்டுக்குப் போவோம். கனேடிய ஃபுட்போலின் வெற்றிக் கிண்ணமான கிரே கப்பை அதுவரை மேற்குக் கனடா ஒருமுறைகூட வென்றதில்லை. அந்த ஆண்டு வினிப்பெக் அணி அமெரிக்காவிலிருந்து ஒன்பது ஆட்டக்காரரைக் கொண்டுவந்து இறக்கி, ஹமில்ரனை 18-12 என்று தோற்கடித்தது. வடக்கு டகோட்டாவிலிருந்து வந்த ஃப்ரிட்ஸ் ஹான்சன் உதைத்த பந்துகளைப் பிடித்துத் திரும்ப ஓடியே ஆட்டத்தை மாற்றிவிட்டார். ஆட்டத்தை நடத்திய சங்கத்துக்குக் கவலை வந்தது. காசுள்ள அணி எல்லையைத் தாண்டிப் போய் ஆட்களை வாங்கி வந்தால் இங்குள்ள பையன்கள் எங்கே ஆடுவது? அடுத்த ஆண்டே வெளியாருக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது. அந்தக் கட்டுப்பாடு உருமாறி உருமாறி இன்றுவரை உயிரோடு இருக்கிறது. அணிக்காரர்கள் அதை ‘ரேஷியோ’ என்பார்கள். ட்ராஃப்டின் வேர் அங்கேதான் இருக்கிறது.

ரேஷியோ சொல்வது இதுதான். தாக்கும் பக்கம் பன்னிரண்டு, தடுக்கும் பக்கம் பன்னிரண்டு, ஆக இருபத்துநான்கு தொடக்க இடங்களில் குறைந்தது ஏழு இடம் கனேடியருக்கு இருக்க வேண்டும். 2022 ஒப்பந்தத்துக்குப் பின், இந்த லீக்கில் பல ஆண்டு ஆடிய அமெரிக்கருக்கும் இந்தக் கணக்கில் சிறு இடம் கொடுத்திருக்கிறார்கள். அந்த நுணுக்கத்துக்குள் நான் போகவில்லை. அமெரிக்க ஆட்டக்காரரை அணிகள் வேறு வழியில் தேடிக்கொள்கின்றன. ஒவ்வோர் அணியும் நாற்பத்தைந்து பெயர் கொண்ட ஒரு பட்டியலை வைத்திருக்கும். அதில் இருப்பவரோடு மற்ற அணி பேச முடியாது. கனேடியருக்கு அப்படி இல்லை. அவர்களில் பெரும்பாலோர் ட்ராஃப்ட் மேசை வழியாகத்தான் வருகிறார்கள்.

ரேஷியோ இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கும் விடை நடந்து முடிந்த வரலாற்றில் இருக்கிறது. 1990களின் நடுப்பகுதியில் இந்த லீக் அமெரிக்க நகரங்களுக்கும் பரவியது. அந்த அணிகளுக்குக் கனேடியரை வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இருக்கவில்லை. 1995-ஆம் ஆண்டு போல்ரிமோர் அணி கிரே கப்பைத் தூக்கிக்கொண்டு போனது. கனடாவுக்கு வெளியே அந்தக் கிண்ணம் போனது அந்த ஒரே முறைதான். அந்த அணி நல்ல அணி, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒன்பது அணிகளும் அப்படி இருந்தால் லவால், வெஸ்டர்ன், சஸ்காச்சுவான் பல்கலைக்கழகங்களில் பயிற்சி எடுக்கும் பிள்ளைகள் பட்டம் பெற்றதும் காலணியைக் கழற்றி வைக்க வேண்டியதுதான். இந்த விதியைத் தளர்த்தலாம் என்று பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு அதுதான் மனதில் வரும்.

இனி அணியின் பக்கத்திலிருந்து பாருங்கள். ஏழு கனேடியர் போதும் என்றால் எட்டுச் சுற்று எதற்கு? காயம்தான் காரணம். தொடக்க வரிசையில் நிற்கும் ஒரு கனேடியருக்கு முழங்கால் பிசகினால் அந்த இடத்துக்கு இன்னொரு கனேடியர் வர வேண்டும். ஆள் இல்லாவிட்டால், வேறொரு இடத்தில் நன்றாக ஆடிக்கொண்டிருக்கும் அமெரிக்கரை இருத்திவிட்டு அங்கே ஒரு கனேடியரை நிறுத்திக் கணக்கைச் சரிசெய்ய வேண்டும். ஒரு காயம் இரண்டு இடத்தைக் குழப்பிவிடும். ஆகவே பொது முகாமையாளர் ட்ராஃப்ட் மேசையில் உட்காரும்போது, ‘இந்த ஆண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் யார்’ என்ற கேள்வி அவருக்கு இரண்டாம் பட்சம். எங்கள் எந்த இடம் வெறுமையாகப் போகிறது, அங்கே நிற்கக்கூடியவர் யார், அவர் எப்போது வருவார் என்பதுதான் முதல் கேள்வி.

அதனால்தான் முதல் சுற்றில் ஆஃபென்சிவ் லைன் ஆட்கள் அதிகமாகப் போகிறார்கள். பந்தை எறிபவருக்கு முன்னால் மதில் மாதிரி நிற்கும் ஐந்து பெரிய உடம்புக்காரர் இவர்கள். பல அணிகள் இந்த ஐந்தில் மூன்று நான்கு இடத்தைக் கனேடியருக்கே கொடுத்து ரேஷியோவின் பாதியை அங்கேயே முடித்துக்கொள்ளும். 2012-இல் சஸ்காச்சுவான் முதலாவதாக எடுத்த பென் ஹீனன், 2014-இல் கல்கரி எடுத்த பியேர் லவெர்ட்டு, 2015-இல் ஒட்டாவா எடுத்த அலெக்ஸ் மட்டேயஸ் எல்லோரும் இந்த வரிசைக்காரர்தான். தொலைக்காட்சியில் இவர்கள் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள். அணிக்குள்ளே இவர்களுக்கு இருக்கிற மதிப்பு வேறு.

கடைச் சுற்றுகளில் எடுக்கப்படுபவர் பெரும்பாலும் முதல் ஆண்டில் பந்தை உதைக்கும் நேரத்தில் இறங்கும் தனிப்படைகளில்தான் ஓடுவார். உதைத்த பந்துக்குப் பின்னால் முழு வேகத்தில் ஓடிப்போய் ஆளை மடக்குவதுதான் வேலை. அலுப்பான வேலை, அடிபடும் வேலை. அதை முறைப்பாடு சொல்லாமல் செய்பவருக்குத்தான் இரண்டாவது ஆண்டும் ஒரு லொக்கர் இருக்கும்.

எப்படி அளக்கிறார்கள் என்று பிள்ளைகள் கேட்பீர்கள். மார்ச் மாத அளவில் ‘கொம்பைன்’ நடக்கும். நாற்பது யார்ட் ஓட்டம், நின்ற இடத்திலிருந்து உயரம் தாவுதல், நீளம் தாவுதல், கூம்புகளைச் சுற்றி வளைந்து ஓடுதல், 225 இறாத்தல் பாரத்தை மல்லாந்து படுத்துத் தூக்குதல், பிறகு ஒவ்வோர் அணியோடும் நேர்முகம். இந்த எண்களையெல்லாம் எல்லோரும் பேசுவார்கள். ஆனால் அணிகளுக்காக ஆள் தேடும் ஸ்கவுட்களின் கண் நிற்கும் இடம் வேறு.

கவசம் முழுவதும் மாட்டிக்கொண்டு ஒருவருக்கு ஒருவர் மோதும் பயிற்சி ஒன்று கொம்பைனில் உண்டு. தடுப்பவர் ஒருவர் கையைத் தரையில் ஊன்றிக் குனிந்து நிற்பார். எதிரே பாய வேண்டியவர். கனேடிய விதிப்படி இருவருக்கும் நடுவில் ஒரு யார்ட் இடைவெளி. அமெரிக்க ஆட்டத்தில் இது பந்தின் நீளம்தான். அந்த ஒரு யார்ட்டில் பாய்பவர் வேகம் எடுத்துவிடுவார். பந்து அசைந்ததும் தடுப்பவர் பின்வாங்கிக் கால் வைக்க வேண்டும். முதல் அடி அளவுக்கு மிஞ்சிப் போனால் உள்பக்கம் திறந்துவிடும். கை மேலே போனால் நெஞ்சைத் தள்ளிவிட்டு ஆள் போய்விடுவார். நாலைந்து விநாடியில் முடிந்துவிடும். தோற்றவர் முகத்தைத் தொங்கப்போட்டபடி வரிசைக்குத் திரும்புகிறாரா, அதே ஆளோடு இன்னொரு முறை கேட்கிறாரா என்பதையும் அங்கே நிற்பவர்கள் குறித்துக்கொள்வார்கள். பாரம் தூக்கியதில் முதலாவதாக வந்தவர் இந்த இடத்தில் சறுக்குவதும், ஓட்டத்தில் பின்தங்கியவர் இங்கே எழும்புவதும் வழமை.

வரிசை முறை எளிது. போன பருவத்தில் பின்தங்கிய அணிக்கு முந்திய வாய்ப்பு, கிரே கப்பை வென்ற அணிக்குச் சுற்றின் கடைசி வாய்ப்பு. வாய்ப்புகளை அணிகள் தங்களுக்குள் பண்டமாற்றும் செய்துகொள்ளும்.

இப்போது ‘எப்போது வருவார்’ என்ற கேள்வி. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. மக்கில் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்துக்கொண்டே லைனில் ஆடியவர் லொரான் டுவெர்னே-ரார்டிஃப். 2014-இல் கனடாவின் முதல்தர ஆட்டக்காரராக அவரைத்தான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் கனேடிய ட்ராஃப்டுக்குச் சில நாள் முன்பே அமெரிக்க லீக்கின் கான்சஸ் சிற்றி அணி அவரை எடுத்துவிட்டது. இங்கே முதல் இரண்டு சுற்றிலும் ஒருவரும் அவரைத் தொடவில்லை. மூன்றாவது சுற்றில் கல்கரி எடுத்தது. அங்கே சரிவராவிட்டால் இங்கே திரும்பும்போது உரிமை தங்களுடையது என்ற கணக்கு. அவர் திரும்பவே இல்லை. படிப்பை முடித்து வைத்தியராகி, 2020-இல் அமெரிக்க லீக்கின் இறுதி ஆட்டமான சுப்பர் போலை வென்று, அதே ஆண்டு கொரோனா பரவியபோது மொன்றியல் பக்கத்து முதியோர் பராமரிப்பு நிலையத்தில் வேலைக்குப் போய், அந்தப் பருவ ஆட்டத்தையும் விட்டுவிட்டார். கல்கரிக்கு அவர் ஒரு நாளும் ஆடவில்லை. ஆனாலும் அந்தத் தெரிவு பிழை என்று நான் சொல்லமாட்டேன். மூன்றாம் சுற்று விலைக்கு அப்படி ஓர் ஆளுக்காகக் காத்திருப்பது நியாயமான விலைதான்.

காத்திருந்து பலன் கண்டவர்களும் உண்டு. கான்சஸ் பல்கலைக்கழகத்தில் ஆடிய ஜோன் கோர்னிஷை கல்கரி 2006-இல் இரண்டாவது சுற்றில் எடுத்தது. 2013-இல் லீக் முழுவதற்கும் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குக் கிடைத்தது. 2011-இல் முதலாவதாக எடுக்கப்பட்ட ஹெனொக் முவாம்பா கின்ஷாசாவில் பிறந்து சிறு வயதில் இங்கே வந்தவர். வினிப்பெக்கில் தொடங்கி அணி அணியாக மாறி, 2022-இல் ரொறன்ரோ ஆர்கனோட்ஸ் கிரே கப் வென்ற இறுதி ஆட்டத்தில் ஆட்டநாயகனானார். எடுத்த அணி ஒன்று, பலன் கண்ட அணி இன்னொன்று. புதிதாக வந்த குடும்பத்துப் பிள்ளைக்கு இந்த ஆட்டத்தில் இடமில்லை என்று நினைக்கும் பெற்றோர் இருந்தால் முவாம்பாவின் கதையைத் தேடிப் படியுங்கள்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். குவார்ட்டர்பேக், அதாவது ஆட்டத்தை நடத்திப் பந்தை எறிபவர், அந்த இடத்துக்குக் கனேடியப் பிள்ளைகளை நெடுங்காலம் அணிகள் நம்பவில்லை. 1958-இல் மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்திலிருந்து ஒட்டாவா எடுத்த ரஸ் ஜக்சன் மூன்று முறை லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவர். 1969-இல் அவர் ஓய்வு பெற்றபின் அந்த வழி மூடிக்கொண்டது மாதிரி ஆகிவிட்டது. நீண்ட காலம் குவார்ட்டர்பேக் இடம் ரேஷியோ கணக்கில் சேரவேயில்லை என்பதால், அங்கே கனேடியரை வளர்க்க அணிக்கு எந்தத் தூண்டுதலும் இருக்கவில்லை. பிராட் சினோப்பொலி 2010-இல் நாட்டின் சிறந்த பல்கலைக்கழக ஆட்டக்காரருக்கான ஹெக் கிரைட்டன் விருது பெற்ற குவார்ட்டர்பேக். கல்கரி அவரை நான்காவது சுற்றில் எடுத்து, பிறகு பந்து பிடிப்பவராக மாற்றியது. அவர் அதிலும் உயர்ந்து 2015-இலும் 2018-இலும் சிறந்த கனேடியர் விருது பெற்றார். அவருடைய உழைப்பை வணங்குகிறேன். ஆனால் எறியத் தெரிந்த ஒருவருக்கு எறிய ஓர் இடம் கிடைக்கவில்லையே என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

இப்போது காற்று திரும்பியிருக்கிறது. ஓக்வில் பையன் நேதன் ரூர்க்கை பி.சி. லயன்ஸ் 2020-இல் இரண்டாவது சுற்றில் எடுத்தது; 2022-இல் குவார்ட்டர்பேக்காகவே சிறந்த கனேடியர் ஆனார். அதே 2022-இல் வோட்டர்லூ பல்கலைக்கழகத்தின் ட்ரே ஃபோர்டை எட்மன்ரன் முதல் சுற்றிலேயே எடுத்தது. சொந்த மைதானத்தில் தொடர்ந்து 22 ஆட்டம் தோற்றிருந்த அணி அது. 2023 ஓகஸ்டில் அந்தத் தோல்விச் சங்கிலி அறுந்தபோது குவார்ட்டர்பேக்காக நின்றவர் அவர்தான்.

பெற்றோருக்குச் சில நடைமுறை விஷயங்கள். பிள்ளை பல்கலைக்கழக ஆட்டத்தில் முதலாண்டை முடித்து மூன்று ஆண்டு கழிந்ததும் ட்ராஃப்டுக்குத் தகுதி பெறுவார். கனேடியப் பல்கலைக்கழகங்களில் ஐந்து ஆண்டு ஆடலாம். ஆகவே ஓர் அணி எடுத்தபின்னும் திரும்பி வந்து கடைசிப் பருவத்தை ஆடிப் பட்டத்தையும் முடிக்கிற வழி உண்டு. பலர் அப்படித்தான் செய்கிறார்கள். விளையாட்டுக்கான உதவித்தொகை இங்கே படிப்புக் கட்டணத்தைத் தாண்டிப் போகாது. புள்ளிகள் குறைந்தால் அதுவும் போய்விடும், கவனம். பல்கலைக்கழகத்துக்குப் போகாதவருக்கு ஜூனியர் ஃபுட்போல் என்று ஒரு வழி இருக்கிறது. அண்ட்ரூ ஹரிஸ் அந்த வழியாக வந்தவர். எந்த ட்ராஃப்டிலும் அவர் பெயர் இல்லை. ஆனால் 2019 கிரே கப்பில் ஆட்டநாயகனும் அவர்தான், சிறந்த கனேடியரும் அவர்தான்.

நாடு முழுவதும் இருபத்தேழு பல்கலைக்கழகங்களில் ஃபுட்போல் அணி உண்டு. ரொறன்ரோவுக்குள்ளேயே இரண்டு: யோர்க்கும் ரொறன்ரோப் பல்கலைக்கழகமும். பருவம் ஓகஸ்ட் கடைசியில் தொடங்கும். புளோர் வீதியில் வார்சிட்டி மைதானத்துக்கு சப்வேயில் இறங்கி நடந்தே போகலாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு முறை போய்ப் பாருங்கள். பந்தை மட்டும் பார்க்காமல் லைனில் நிற்பவர்களின் கால்களையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆடவேண்டும் என்று கேட்கிற பிள்ளைகள் எந்தப் பள்ளியில் இருக்கிறார்கள் என்று என்னிடம் சொன்னால், அங்கே அணி இருக்கிறதா, எப்போது பயிற்சி என்று விசாரித்துச் சொல்லுகிறேன். இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.