முதலில் தண்ணீர், பிறகு துணி

நேயர்களுக்கு வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கிருஷ்ணகிரியில் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடித்து வருகிறேன். நான் தொழில் பழகிய நாளில் இது தனி மாவட்டம்கூட இல்லை. 2004இல்தான் தருமபுரியிலிருந்து பிரிந்தது. அன்றிலிருந்து இன்றுவரை என் பட்டறைக்கு வரும் பைக்குகளில் நான் அதிகம் பார்க்கும் காயம், கீழே விழுந்து பட்டது அல்ல. ஆசை ஆசையாகத் துடைத்ததால் வந்தது.

போன மாங்காய்ச் சீசனில் பர்கூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். கறுப்பு வண்டி, வாங்கி ஐந்து மாதம். “டேங்க் வெளுத்துவிட்டது அண்ணா, கம்பெனி பெயிண்டே சரியில்லை” என்றார். வண்டியை வெயிலுக்குத் தள்ளிப் பார்த்தேன். சூரியன் படும் இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதைப்போல வட்டவட்டமாக மெல்லிய கோடுகள். “எப்படித் துடைக்கிறீர்கள்?” என்று கேட்டேன். சீட்டுக்கு அடியிலிருந்து மடித்து வைத்த பனியன் துணியை எடுத்துக் காட்டினார். “தினமும் காலையில் துடைத்துவிட்டுத்தான் எடுப்பேன். ஒருநாளும் தவறியதில்லை.”

அவர் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் கிரானைட் அறுக்கும் பட்டறை.

பழைய ஜன்னல் கண்ணாடித் துண்டு ஒன்று கிடந்தது. அதன்மேல் அந்தத் துணியை உதறினேன். விழுந்த தூசியை விரலால் அழுத்தி ஒரு இழுப்பு இழுக்கச் சொன்னேன். கரகரவென்று சத்தம். கண்ணாடியைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்தபோது, முடியளவு கோடுகள் நாலைந்து விழுந்திருந்தன. அந்தத் தம்பி ஒன்றும் பேசவில்லை. டேங்க்கை உள்ளங்கையால் மெதுவாகத் தடவிக்கொண்டே நின்றார்.

காரணம் எளிது. கிரானைட்டில் குவார்ட்ஸ் என்ற படிகக்கல் கலந்திருக்கிறது. கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரம் 10 என்றால் குவார்ட்ஸ் 7; கண்ணாடி ஐந்தரைதான். கண்ணாடியையே கீறும் தூசிக்குப் பெயிண்ட் எம்மாத்திரம்? அடியில் பூசும் பிரைமர், நிறம், மேலே பளபளக்கும் கிளியர் கோட் எல்லாம் சேர்ந்தே ஏறத்தாழ ஒரு நோட்டுத் தாளின் கனம். அதில் கிளியர் கோட் பாதிகூட இருக்காது. துணி எவ்வளவு மிருதுவாக இருந்தாலும், தூசி ஏறிவிட்டால் அது உப்புத்தாள்தான்.

ஆகவே முதலில் தண்ணீர், பிறகுதான் துணி. மேலிருந்து ஊற்றித் தூசியை ஓடவிடுங்கள். வண்டி ஷாம்பு கலந்த வாளி ஒன்று, துணியை அலச வெறும் தண்ணீர் வாளி இன்னொன்று. வட்டமாகத் தேய்க்காமல் நேர்கோட்டில், அழுத்தாமல் இழுங்கள். துணி தரையில் விழுந்ததா? அன்றைக்கு அதைத் தொடாதீர்கள்.

“எங்கள் ஊரில் குடிக்கவே தண்ணீர் கஷ்டம்” என்று தருமபுரிப் பக்கத்து நேயர்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. தண்ணீர் இல்லாத நாளில் துடைக்காமலே ஓட்டுங்கள். சும்மா படிந்திருக்கும் தூசி கீறாது. நம் கை அழுத்தித் தேய்க்கும்போதுதான் கீறும். இரண்டு நாள் தூசியோடு ஓடுவதால் வண்டிக்கு ஒரு குறையும் வராது. தூசி படிந்த வண்டிக்கு உறை போடுவதும் இதே தவறுதான். காற்றில் உறை ஆட ஆட, இரவெல்லாம் ஒருவர் உட்கார்ந்து தேய்ப்பதற்குச் சமம்.

உரசல்களுக்கு வருகிறேன். பால் ஊற்றப் போகிறவர்கள் கேனுக்கும் சைடு பேனலுக்கும் நடுவில் டியூப் துண்டு வைக்கிறார்கள். நல்லதுதான், ஆனால் வாரம் ஒருமுறை அதைக் கழற்றிக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் அடியில் சேரும் மண்ணே பேனலைத் தின்றுவிடும். கேன் அசையாமல் கட்டுவது அதைவிட நல்லது. சாவியோடு கொத்தாக இரும்பு வளையம் தொங்கவிடாதீர்கள். ஹேண்டில் பக்கத்தில் பெயிண்ட் உரிவது பெரும்பாலும் அதனால்தான். பெல்ட் பக்கிள், பையின் ஜிப் இரண்டும் டேங்க்கின் பின்பக்கத்தைத் தேய்க்கும். ஹேண்டிலை முழுதாகத் திருப்பி, கேபிள் எங்காவது உரசுகிறதா என்றும் பாருங்கள்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். ஒளிபுகும் பாதுகாப்புப் படலம் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாக: முழு வண்டிக்கும் வேண்டாம், முழங்கால் உரசும் டேங்க் பக்கவாட்டுக்கு மட்டும் ஒட்டினால் போதும். செராமிக் பூச்சு பளபளப்பைக் காக்கும். கல் பட்டால் தாங்காது. பளபளப்பில்லாத மேட் பெயிண்ட் வண்டிக்குப் பாலிஷே போடக்கூடாது. கீறலின் குறுக்கே நகத்தை ஓட்டிப் பாருங்கள். சிக்காவிட்டால் பாலிஷில் போகலாம். சிக்கினால் பாலிஷ் செலவு வீண். இரும்பு தெரிந்தால் மழைக்கு முன்பே பிரைமர் தொட்டு டச்சப் செய்துவிடுங்கள். வணக்கம்.