டைவர்ஸ் மனுவும் ஜெராக்ஸ் கடை பில்லும்

வணக்கம் மக்களே. காத்து சத்தம் ரொம்பக் கேக்குதா? கடலூர் தேவனாம்பட்டினம் பீச்சுல உக்காந்து பேசறேன், சாயந்திரமானா இங்க இப்படித்தான். இருங்க, மைக்கைத் துப்பட்டாக்குள்ள சொருகிக்கறேன். ம், இப்போ சரியா?

பரஸ்பர சம்மதத்துல டைவர்ஸ் வாங்கின கதையைப் போன வீடியோவுல சொன்னேன்ல. அதுல ஒண்ணு விட்டுப்போச்சு. மனுவை செட்டு போட ஜெராக்ஸ் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் பில்லுக்குப் பதிலா ஒரு துண்டுத் தாள்ல பேனாவால கணக்குப் போட்டுக் குடுத்தாரு. ஆட்டோவுல வரும்போது சும்மா திருப்பிப் பாத்தேன். பின்னாடி வேற யாரோட மனுவோ! ஏ4 தாளை நாலா கிழிச்சதுல கால்வாசி. "இரண்டாம் மனுதாரரின் வங்கிக் கணக்கு எண்"னு ஆரம்பிச்சு முழு நம்பரு, ஐஎஃப்எஸ்சி கோடு, கீழ ஒரு குழந்தையோட பேரு, அது படிக்கிற ஸ்கூலு. பிரிண்ட்டு கோணலா விழுந்துச்சுன்னு ஒதுக்கின தாளு அது. அந்தத் துண்டை உங்களுக்குக் காட்ட மாட்டேன், அன்னிக்கே பொடிப்பொடியா கிழிச்சுட்டேன்.

அப்போ என்னோட கோணல் தாளெல்லாம் யாரு வீட்டு பில்லாச்சு?

ஆட்டோவைத் திருப்பச் சொல்லி மறுபடி கடைக்குப் போனேன். நான் வாட்ஸ்அப்புல அனுப்பின டிராஃப்டு கம்ப்யூட்டர்ல டவுன்லோட்ஸ்ல அப்படியே கெடக்குது, அதுக்கு மேல கீழ இன்னும் பத்துப் பதினஞ்சு பேரோடது. அந்த அண்ணன் நல்லவருதான், கேட்டதும் அழிச்சுட்டாரு. ரீசைக்கிள் பின்லயும் அழிங்கண்ணேன்னு நின்னு பாத்துட்டு வந்தேன்.

கோர்ட்டுல நடக்கறதுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கு. இந்து திருமணச் சட்டம் 22-வது பிரிவுப்படி இந்த வழக்கெல்லாம் 'இன் கேமரா'. நான் மொதல்ல வீடியோ எடுப்பாங்க போலன்னு நெனைச்சுப் பயந்துட்டேன். சிரிக்காதீங்க. மூடின அறையில விசாரணைன்னு அர்த்தம். அங்க நடந்ததை அச்சடிக்கறதோ வெளியிடறதோ தப்பு. அபராதம் எவ்ளோ தெரியுமா? அதிகபட்சம் 1,000 ரூபாய். 1955-ல போட்ட சட்டம், அன்னிக்கு அது பெரிய காசு. ஆனா ஜெராக்ஸ் கடை, டைப்பிங் சென்டர், வாட்ஸ்அப்பு, வீட்டு பீரோ, இங்கெல்லாம் காவலுக்கு நாமதான் நிக்கணும்.

அதனால ஆரம்பத்துலயே கம்மியா எழுதறதுதான் வழி. பரஸ்பர சம்மத டைவர்ஸுக்கு அதே சட்டத்தோட 13பி பிரிவு கேக்கறது இவ்ளோதான்: ஒரு வருஷமாவது பிரிஞ்சு இருக்கோம், சேந்து வாழ முடியல, ரெண்டு பேருமா ஒத்துக்கிட்டோம். ஏன் பிரிஞ்சோம்னு காரணம் கேக்கவே இல்ல! எங்க மொத டிராஃப்டுல அவரு, அதான் என் முன்னாள் கணவரு, பாத்துக்கிட்ட ஒரு ட்ரீட்மென்ட் பத்தி நாலு வரி, என் சம்பளம், ஆஃபீஸ் பேரு எல்லாம் இருந்துச்சு. யாரோ ஒருத்தருக்குப் போட்ட பழைய மாடலைத் தூக்கி அப்படியே நிரப்பியிருக்காங்க.

மஞ்சக்குப்பத்துல ஒரு டீக்கடை பெஞ்சுல நானும் அவரும் உக்காந்தோம். ரெண்டு வருஷமா பேசாத ஆளுங்க, நடுவுல டிராஃப்டு, ஒரே ஒரு பென்சிலு. அவரோட ட்ரீட்மென்ட் வரியை நான் அடிச்சேன். என் ஆஃபீஸ் பேரை அவரு அடிச்சாரு. டீ ஆறிப்போச்சு. கூட்டு மனுன்னா என் கையில இருக்கற காப்பியில அவரு ரகசியம், அவரு கையில இருக்கறதுல என் ரகசியம். ஒருத்தர் மட்டும் ஜாக்கிரதையா இருந்து பிரயோஜனமே இல்ல.

எங்க மகளைப் பாக்கற ஏற்பாடு பத்தின பத்தியில ஸ்கூல் பேரை எடுத்துட்டு "பள்ளி முடிந்த பின்"னு மட்டும் வெச்சோம். பணத்துக்கு அக்கவுன்ட் நம்பர் வேணாம்னு டிடியா, அதாவது பேங்க் டிமாண்ட் டிராஃப்டா வாங்கிக்கிட்டேன், மனுவுல டிடி நம்பரும் தேதியும்தான். ஏன் இவ்ளோ பாக்கறேன்னா, ஒப்பந்த ஷரத்து டிகிரியிலயும், அதாவது கோர்ட்டு குடுக்கற டைவர்ஸ் ஆணையிலயும் ஏறும். அந்த டிகிரியை அப்புறம் ரேஷன் கார்டு, பாஸ்போர்ட்டு, பேங்க்குன்னு நாமளே ஊரெல்லாம் குடுப்போம்.

ஆதாருக்கு வாங்க. ஆதார் வெப்சைட்டுலயே மாஸ்க்டு ஆதார்னு கெடைக்கும், 12 நம்பர்ல கடைசி 4 மட்டும்தான் தெரியும். அது போதுமான்னு வக்கீல்கிட்ட கேளுங்க, ஒரிஜினலை ஜட்ஜ் கேட்டா நேர்ல காட்டிக்கலாம். காப்பி மேல குறுக்கால "இந்த மனுவுக்கு மட்டும்"னு எழுதி தேதி போட்டு கையெழுத்துப் போடுங்க. பாஸ்வேர்டு இருக்கேன்னு இ-ஆதார் பிடிஎஃப்பை எல்லாருக்கும் அனுப்பாதீங்க. பேரோட மொத நாலு எழுத்து, பொறந்த வருஷம், இதான் அதோட பாஸ்வேர்டு. பேரும் வயசும் மனுவோட மொதப் பக்கத்துலயே தெரிஞ்சுடுது. பூட்டைப் போட்டுட்டு சாவியை வாசப்படியில வெச்ச மாதிரி.

மார்க்கர் அடிச்சா மறைஞ்சுடும்னும் நம்பாதீங்க, வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சா தெரியும். அடிச்ச தாளை ஒரு ஜெராக்ஸ் எடுத்து அந்த ஜெராக்ஸைக் குடுங்க. பிடிஎஃப்ல கருப்புக் கட்டம் வெச்சாலும் அடியில எழுத்து இருக்கும், செலக்ட் பண்ணி காப்பி பண்ணா வந்துடும். டைப் பண்ணும்போதே நம்பருக்கு எக்ஸ் போட்டுடுங்க. தாக்கல் ஆயிட்ட பேப்பர்ல மட்டும் நீங்களா கை வைக்காதீங்க, மறைக்கணும்னா வக்கீல் மூலமா கோர்ட்டைக் கேக்கணும்.

நம்ம பாண்டி சப்ஸ்கிரைபர்ஸுக்கு ஒரு வார்த்தை. ரெனோன்சான் குடும்பம்னா, அதாவது பிரெஞ்சுக்காரங்க காலத்துல இந்துச் சட்டத்தை விட்டுட்டு பிரெஞ்சுச் சட்டத்தை ஏத்துக்கிட்டவங்க வம்சம்னா, இந்து திருமணச் சட்டமே உங்களுக்குப் பொருந்தாது, அந்தச் சட்டத்தோட 2-வது பிரிவுலயே (2ஏ)-ன்னு தனி உட்பிரிவு இருக்கு. அதனால நான் சொன்ன பிரிவு நம்பரையெல்லாம் அப்படியே எடுத்துக்காதீங்க. ஜெராக்ஸ் கடை விஷயம் உங்களுக்கும் அதேதான்.

அப்புறம், போன வீடியோ கமெண்ட்ல நெறைய பேரு, "அக்கா, என் கேஸ் எப்ப முடியும் பாத்துச் சொல்லுங்க"ன்னு கேஸ் நம்பர், முழுப்பேரு, ஃபோன் நம்பரோட போட்டிருக்கீங்க. அதுல ஒருத்தவங்க புருஷன் பேரையும் சேத்து! நேத்து ராத்திரி உக்காந்து ஒவ்வொண்ணா டெலீட் பண்ணேன். இன்னும் ஏதாவது கண்ணுல பட்டா சொல்லுங்க, அதையும் எடுத்துடறேன். இருட்டிடுச்சு, கேமராவுல ஒண்ணும் தெரியல. கெளம்பறேன்.