தோல் பாக்கி 12 லட்சம்: கேஸுக்கு முன் சமரசம்

[காட்சி: மேசைமேல் இன்வாய்ஸ், டெலிவரி சலான், பக்கத்தில் இரண்டு தோல் துண்டுகள்]

குரல்: பேரணாம்பட்டு டேனரி (தோல் பதனிடும் ஆலை) ஒன்று ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு 10,000 சதுர அடி தோல் அனுப்பியது என்று வைத்துக்கொள்வோம். அடி 120 ரூபாய், மொத்தம் 12 லட்சம். 'சாம்பிளில் பார்த்த கலர் லோடில் இல்லை' என்று முழுப் பணத்தையும் நிறுத்திவிட்டார்கள்.

உடனே கேஸ் போட முடியாது. 3 லட்சமும் அதற்கு மேலும் உள்ள வணிகத் தகராறு என்றால், தடை உத்தரவு போன்ற அவசர இடைக்கால நிவாரணம் கேட்கும் நிலை இல்லாதபோது, முதலில் சமரசம். வணிக நீதிமன்றச் சட்டம் 12ஏ பிரிவு இது. கட்டாயம்தான் என்று 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

[காட்சி: விண்ணப்பப் படிவம்]

குரல்: வேலூர் கோர்ட் எல்லையில் வரும் வழக்குக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். கட்டணம் 1,000 ரூபாய். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போகும். வராவிட்டால் 'சமரசம் தொடங்கவில்லை' என்று அறிக்கை தருவார்கள். அதை வைத்து கேஸ் போடலாம். வந்தால், 12 லட்சத்துக்குச் சமரசக் கட்டணம் 30,000, ஆளுக்குப் பாதி. 3 மாத அவகாசம். இருவரும் சம்மதித்தால் இன்னும் 2 மாதம். இந்த நாட்கள் கேஸ் போடுவதற்கான காலவரம்பில் சேராது.

[காட்சி: இரண்டு தோல் துண்டுகளும் ஜன்னல் வெளிச்சத்தில், நெருக்கத்தில்]

குரல்: பேச்சு முறிவது பெரும்பாலும் இங்கேதான்: கையெழுத்துப் போட அதிகாரமில்லாத மேனேஜரை அனுப்பிவிடுவார்கள். 'முதலாளியைக் கேட்டுச் சொல்கிறேன்' என்றே நாள் போகும். முடிவெடுப்பவர் வரட்டும். ஒப்புக்கொண்ட சாம்பிள் துண்டையும் லோடில் எடுத்த துண்டையும் கொண்டுவரட்டும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கலர் வித்தியாசம் தெரியும்; அதை வைத்து லோடில் எத்தனை அடி மாறியிருக்கிறது என்று எண்ணிவிடலாம். 1,500 அடிதான் என்றால் சண்டை 1,80,000 ரூபாய்க்குத்தான். மீதி 10,20,000-ஐ நிறுத்த நியாயமே இல்லை.

சமரசர், அதாவது பேச்சை நடத்தும் நடுநிலையாளர், தனித்தனியாகவும் பேசுவார். அங்கே இறங்கி வந்து சொன்ன தொகையை நாளைக்கு கோர்ட்டில் சாட்சியமாக்க முடியாது. அதனால் மனம் விட்டுப் பேசுங்கள்.

[காட்சி: ஒப்பந்தத் தாள்]

குரல்: 'விரைவில் தருவேன்' என்று எழுதவே கூடாது. 3,40,000 வீதம் மூன்று தவணை, ஒவ்வொன்றுக்கும் தேதி, பேங்க் கணக்கு எண். 1,500 அடியை எந்தத் தேதியில் யார் லாரியில் திருப்புவது, கிரெடிட் நோட் (பில்லில் அந்தத் தொகையைக் கழித்துத் தரும் சீட்டு) எப்போது. ஒரு தவணை தவறினால் மீதி முழுதும் வட்டியோடு உடனே என்ற வரியும் இருக்கட்டும். கையெழுத்தானதும் அதற்கு நடுவர் தீர்ப்பின் (ஆர்பிட்ரேஷன் அவார்டு) பலம் உண்டு. பணம் வராவிட்டால் புதிதாகக் கேஸ் போடாமல், நேரே நிறைவேற்று மனு போடலாம்.