இருபத்தைந்து ஜார்ஜ் கௌயிகள்

எல்லாருக்கும் வணக்கம்.

ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில் பக்கி என்று ஒரு மீன்பிடி ஊர். முதல் உலகப் போரில் கடலோடு போன ஒரு பக்கிக்காரரைத் தேடப் புறப்பட்டால் முதல் நாளே மாட்டிக்கொள்வீர்கள். அந்த ஊரில் மட்டும் 25 ஜார்ஜ் கௌயிகள் இருந்ததாக 19ஆம் நூற்றாண்டுப் பத்திரிகைக் கட்டுரை ஒன்று சொல்கிறது.

மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தா பெயர், அடுத்தவனுக்கு அம்மாவைப் பெற்ற தாத்தா பெயர். இதுதான் அங்கே வழக்கம். அண்ணன் தம்பி நாலு பேருக்குக் கல்யாணம் ஆனால் நாலு வீட்டிலும் அதே பெயரில் ஒரு பேரன் வந்துவிடுவான். பெண் எடுப்பதும் கொடுப்பதும் பெரும்பாலும் கரைக்குள்ளேயே. அதனால் குடும்பப் பெயரும் கௌயி, ஸ்மித், ஃபிளெட் என்று கைவிரலில் அடங்கிவிடும். அப்புறம் ஆளை எப்படித்தான் பிரித்துச் சொல்வது? பட்டப்பெயர்தான். அவர்கள் ‘டீ நேம்’ என்பார்கள். ஒரு ஜார்ஜ் ‘கேரட்’, இன்னொரு ஜார்ஜ் ‘பெருங்காதன்’. கேலி என்று நினைத்துச் சிரித்துவிடாதீர்கள். வாக்காளர் பட்டியலிலேயே ஏறிய பெயர்கள் இவை.

கடற்படைக்குப் பெயரைவிட எண்தான் முக்கியம். மீனவர்களைச் சேர்த்துக்கொள்ளவே கடற்படையின் சேமப்படையில் (தேவைப்படும்போது அழைக்கும் துணைப்படை) டிராலர் பிரிவு என்று ஒன்று இருந்தது. டிராலர் என்றால் வலை இழுத்து மீன் பிடிக்கும் கப்பல். எண்ணோடு ‘டிஏ’ இருந்தால் தளத்தில் வேலை பார்த்தவர், ‘இஎஸ்’ இருந்தால் இயந்திரம் ஓட்டியவர். ஆனால் எண் கிடைத்தாலும் அது எந்த ஜார்ஜ் என்று தெரிய வேண்டுமே. அதற்கு அம்மாதான் வழி. 1855இலிருந்து ஸ்காட்லாந்துப் பிறப்பு, இறப்புப் பதிவுகளில் தாயின் பிறந்தவீட்டுப் பெயரும் இருக்கும். அப்பா பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு தேடுகிறவர்கள் அடுத்த வீட்டுக்காரனைத் தங்கள் தாத்தா ஆக்கிவிடுகிறார்கள்.

சரி, ஆள் கிடைத்துவிட்டார். அவர் பெயர் எங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது? சாகும்போது அவர் யாரிடம் வேலை பார்த்தார் என்பதைப் பொறுத்தது அது. கடற்படை வேலையில் கண்ணிவெடி அகற்றும்போது இறந்து உடல் கிடைக்காமல் போயிருந்தால் போர்ட்ஸ்மத், பிளிமத், சாத்தம் ஆகிய கடற்படை நினைவுச் சின்னங்களில் தேட வேண்டும். மீன்பிடிக்கப் போன இடத்தில் எதிரி தாக்கியோ கண்ணிவெடியில் சிக்கியோ மாண்டவர் என்றால் லண்டன் டவர் ஹில்லுக்குப் போங்கள். வணிகக் கப்பல், மீன்பிடிப் படகு ஆட்களுக்காக 1928இல் திறந்த அந்தச் சின்னத்தில் முதல் போரில் மாண்ட சுமார் 12,000 பேரின் பெயர்கள். ஒரு தாய் பெற்ற இரண்டு பிள்ளைகள் இரண்டு ஊர்ச் சுவர்களில் இருக்கலாம். அதே போர்க்காலத்தில் வெறும் புயலில் படகு கவிழ்ந்து போனவர் இவற்றில் எதிலுமே வரமாட்டார். கரையில் காத்திருந்தவளுக்கு இந்தக் கணக்கெல்லாம் என்ன புரிந்திருக்கும்?

இத்தாலிக்கும் அல்பேனியாவுக்கும் நடுவே உள்ள ஒட்ரான்டோ நீரிணையைச் சொல்லாமல் விட முடியாது. வலையை மிதக்கவிட்டு ஹெர்ரிங் மீன் பிடித்த டிரிஃப்டர் படகுகளை இத்தாலிக்குக் கொண்டுபோய், நீர்மூழ்கிகளை மறிக்க இரும்பு வலை இழுக்க வைத்தார்கள். 1917 மே 15 விடிவதற்கு முன் ஆஸ்திரியப் போர்க்கப்பல்கள் மூன்று வந்து 14 டிரிஃப்டர்களை மூழ்கடித்தன. ஸ்காட்லாந்தின் கார்டன்ஸ்டவுன் மீனவர் ஜோசப் வாட் சரணடைய மறுத்துத் தன் ‘கவன்லீ’ படகிலிருந்து சுட்டார். வீரத்துக்கான பிரிட்டனின் உயரிய பதக்கமான விக்டோரியா கிராஸ் பெற்றார். அந்தப் பதக்கத்தைப் பற்றிப் பேசுவதையே தவிர்த்த மனிதர். வீட்டில் கேட்டிருந்தால் ஒன்றும் கிடைத்திருக்காது.

அன்று 72 பேர் கைதிகளாகப் பிடிபட்டார்கள். அதனால் “தாத்தா இத்தாலிப் பக்கம் போனவர், திரும்பவே இல்லை” என்று வீட்டில் யாராவது சொன்னால் உடனே இறந்தோர் பட்டியலைத் திறக்காதீர்கள். கைதியாக இருந்து போருக்குப் பிறகு திரும்பியிருக்கலாம். முதலில் 1919, 1920 பிறப்புப் பதிவுகளைப் புரட்டுங்கள். அந்தத் தாத்தா பெயருக்கு நேராக ஒரு குழந்தை பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.