கிணற்றுச் சுவரில் எழுதி வையுங்கள்
(வாணியம்பாடி வட்டாரத்தில் நடந்த நூலக வாசகர் வட்ட ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மையார் அவர்களே, வரவேற்புரையில் என் தகுதிக்கு மீறிப் பாராட்டிய தலைமையாசிரியர் ஐயா அவர்களே, வெயிலையும் பொருட்படுத்தாமல் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்த உழவர் பெருமக்களே, தாய்மார்களே, வாசகர் வட்டத் தோழர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

"தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே" என்பார்கள் நம் பெரியவர்கள். நம் கிணறுகள் கெட்ட விதம், சட்டம் செய்தது, பிள்ளைகளின் உடல்நலம் என்று மூன்று செய்திகளை உங்கள் முன் வைக்க வந்திருக்கிறேன்.

நம் வட்டாரத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளில், ஆவாரம்பட்டையில் வாரக்கணக்கில் ஊறிப் பதமான தோல், குரோமியம் என்ற வேதிப்பொருள் வந்த பிறகு ஓரிரு நாளில் பதமானது. தோல் அழுகாமல் இருக்கத் தடவிய உப்பும், பதப்படுத்திய குரோமியமும் கழுவுநீரோடு பாலாற்று மணலில் இறங்கி, ஊற்று வழியாக நம் கிணறுகளுக்கு வந்து சேர்ந்தன. குரோமியத்தைப் பிரித்தெடுக்க வழியுண்டு. கரைந்த உப்போ சாதாரணச் சுத்திகரிப்பில் போவதில்லை. காய்ச்சினாலும் போகாது, நீர் வற்ற வற்ற உப்பின் செறிவுதான் கூடும்.

என் சித்தப்பா மகள் திருமணத்தை இங்கே சொல்லியாக வேண்டும். முந்தைய நாள் மாலையே சமையற்காரர் வந்துவிட்டார். கிணற்றில் இறைத்த ஒரு செம்புத் தண்ணீரைக் கையில் ஊற்றி நாக்கில் வைத்துப் பார்த்தவர், "ஐயா, இந்தத் தண்ணியில பருப்பு வேகாது, பாலும் திரிஞ்சுபோகும், அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க" என்றார். சித்தப்பா ஒப்பவில்லை; அவர் பாட்டனார் வெட்டிய கிணறு அது. சமையற்காரர் வாதாடாமல் ஒரு படி துவரம்பருப்பை அடுப்பில் ஏற்றினார். இரண்டு மணி நேரம் விறகு எரிந்தது. கரண்டியால் எடுத்துச் சித்தப்பாவின் உள்ளங்கையில் நான்கு பருப்பை வைத்தார், நசுக்கினால் நசுங்கவில்லை. இரவோடு இரவாக எட்டு மைல் தொலைவிலிருந்து டிராக்டரில் தண்ணீர் வந்தது. மறுநாள் பந்தியும் குறைவின்றி நடந்தது. ஆனால், தண்ணீரைப் பழித்தறியாத சித்தப்பா அன்று முழுவதும் அந்தக் கிணற்றடிப் பக்கமே போகவில்லை.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தோல் தொழில் நடக்கும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ பாழானதை அத்தீர்ப்பு எடுத்துச் சொல்கிறது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன என்ற கணக்கும் அதில் இருக்கிறது. அந்த 350 என்ற எண் எப்படி வந்தது? கள ஆய்வு செய்தவர்கள் ஊர் ஊராகப் போய்க் கணக்கெடுத்ததால் வந்தது. இழப்பீட்டையும் ஆற்றைச் சீரமைப்பதையும் வலியுறுத்தி அதே நீதிமன்றம் 2025 ஜனவரி 30 அன்று மறுபடியும் ஆணையிட நேர்ந்ததே, இடையில் எத்தனை ஆண்டுகள் போயின!

ஆகவே நான் ஊர் ஊராகக் கேட்டு வருவதை இங்கும் கேட்கிறேன். ஒவ்வொரு குடிநீர்க் கிணற்றையும் ஆண்டுக்கு இருமுறை, கோடையிலும் மழைக்குப் பின்னும், சோதிக்க வேண்டும். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பதே நல்லது. வேறு நீர் இல்லாத இடத்தில் 2,000 வரை ஏற்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். நம் கிணற்றின் எண் என்ன என்பதைக் கைப்பிடிச் சுவரில் சுண்ணாம்பால் எழுதி வைக்க வேண்டும். கிராம சபையில் வாசித்துப் பதிவு செய்ய வேண்டும். உள்ளதைச் சொல்வது தாயைப் பழிப்பதும் அன்று, தண்ணீரைப் பழிப்பதும் அன்று.

நேரம் கடந்துவிட்டதைத் தலைவர் அம்மையார் நினைவூட்டுகிறார்கள்; பிள்ளைகளின் உடல்நலத்தை இன்னொரு கூட்டத்தில் பேசுகிறேன். வாசலருகே மேசையில் ஒரு லிட்டர் புட்டிகள் வைத்திருக்கிறோம். அதே கிணற்றுத் தண்ணீரால் மும்முறை அலசி, கழுத்துவரை நிரப்பி, சர்வே எண்ணையும் தேதியையும் ஒட்டி, திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் நூலகத்தில் கொடுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்துக்கு நானே கொண்டுபோய்ச் சேர்க்கிறேன்.