கட்டம் கட்டிச் சிரித்த இரண்டாம் பாகம்

நேயர்களுக்கு வணக்கம்.

1977இல் வெளியான 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் தொடர்ச்சியாக, 1980 மே 21 அன்று 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது. அந்தப் படம் அடுத்த சில மாதங்களில் இருவேறு சித்திரக்கதைகளாக அச்சேறியது. ஒன்று, மார்வெல் நிறுவனம் உரிமை பெற்று, தன் ஸ்டார் வார்ஸ் மாத இதழின் 39ஆம் இதழ் முதல் 44ஆம் இதழ் வரை ஆறு பகுதிகளாக வெளியிட்ட கதை. ஆர்ச்சி குட்வின் எழுத, அல் வில்லியம்சன் வரைந்தது. மற்றொன்று, யாரிடமும் உரிமை கேட்காமல், 1981 ஜனவரி என்று தேதியிட்ட தன் 220ஆம் இதழில் 'மேட்' என்னும் நகைச்சுவை இதழ் வெளியிட்ட பகடி. டிக் டிபார்டோலோ எழுத, மோர்ட் ட்ரக்கர் வரைந்தது. இந்த இரண்டாவது கதையைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். வானொலியில் படத்தைக் காட்ட வழியில்லை. ஆகவே பக்கங்களைச் சொற்களால் விரித்துக் காட்ட முயல்கிறேன்.

முதலில் தலைப்பு. 'ஸ்ட்ரைக்ஸ் பேக்' என்றால் திருப்பித் தாக்குகிறது என்று பொருள். 'மேட்' இதழ் அதில் ஒரே ஒரு சொல்லை மாற்றி 'ஸ்ட்ரைக்ஸ் அவுட்' என்று போட்டது. பேஸ்பால் ஆட்டத்தில், வீசப்படும் பந்தை மூன்று முறை அடிக்கத் தவறி வெளியேறும் ஆட்டக்காரரைக் குறிப்பதற்கு அமெரிக்கர்கள் வழங்கும் சொல் அது. வெற்றி முழக்கமாக ஒலித்த தலைப்பு, ஒரு சொல் மாறியதும் தோற்று நடையைக் கட்டுபவனின் கதையாகிவிடுகிறது. முதல் படத்தை 1978 ஜனவரி இதழில் பகடி செய்தபோது வைத்த தலைப்பு 'ஸ்டார் ரோர்ஸ்'. போர் என்ற சொல்லின் இடத்தில் கர்ஜனை. அட்டையிலோ, படத்தில் புதிதாக அறிமுகமான யோடா என்ற குறுமுனிவரின் உடலில் அந்த இதழின் சின்னமான, முன்பல் இல்லாத ஆல்ஃபிரட் நியூமன் என்ற சிறுவனின் சிரித்த முகத்தைப் பொருத்தியிருந்தார்கள். கடையில் தொங்கும் இதழைத் தொலைவிலிருந்து பார்ப்பவருக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்பது அந்தக் கணமே விளங்கியிருக்கும்.

இத்தகைய பகடிகளுக்கென்று 'மேட்' இதழ் பல ஆண்டுகளாகப் பழக்கிவைத்திருந்த ஒரு வடிவம் உண்டு. தொடக்கத்தில் பெரியதொரு படம் விரியும். அதில் கதாபாத்திரங்கள் அனைவரும் நெருக்கியடித்து நின்றுகொண்டு, தெருக்கூத்தில் வேடக்காரர் சபைக்கு முன் வந்து தம்மை இன்னார் என்று சொல்லிக்கொள்வதைப் போல, தங்களைத் தாங்களே அறிமுகம் செய்துகொள்வார்கள். கூத்தில் வருபவர் தன் பெருமையைச் சொல்வார். இங்கே வருபவர் தன் குட்டை உடைப்பார். அடுத்து வரும் பக்கங்களில் படத்தின் கதை ஏறக்குறைய அதே வரிசையில் நகரும். திரையரங்க இருட்டில் பார்வையாளர் பக்கத்து இருக்கைக்காரரின் காதில் முணுமுணுக்கும் ஐயங்களையும் குறைகளையும் கதாபாத்திரங்களே வாய்விட்டுச் சொல்வதுதான் அந்த நகைச்சுவையின் உயிர். பக்கங்கள் கறுப்பு வெள்ளையில் இருக்கும். வசனங்கள் கையால் எழுதப்படாமல் அச்செழுத்தில் கோக்கப்பட்டிருக்கும். அந்த ஒழுங்கான எழுத்துக்கும் அதைச் சுற்றி நெளியும் கோடுகளுக்கும் உள்ள முரணே எனக்கு எப்போதும் ஒரு சிரிப்பை வரவழைக்கும்.

இரண்டாம் பாகம் என்பது இந்த வடிவத்துக்கு மிகவும் இசைவான பொருள். முதல் படத்தில் யார் யார் என்று விளக்கவே இடம் செலவாகும். தொடர்ச்சியிலோ நாயகன், இளவரசி, கருங்கவசம் அணிந்த பகைவன் எல்லோரும் வாசகருக்கு ஏற்கெனவே வீட்டு மனிதர்களாகிவிட்டதால், எழுத்தாளர் முதல் கட்டத்திலேயே கேலியைத் தொடங்கிவிடலாம். அதிலும் இந்தப் படம் பாதியில் நின்ற படம். நாயகனின் நண்பன் ஹான் சோலோ உறைய வைக்கப்பட்டு எதிரியின் ஆட்களால் கொண்டுசெல்லப்படுகிறான். பகைவன் தானே நாயகனின் தந்தை என்று சொல்லிவிடுகிறான். இரண்டுக்கும் விடை தெரிய மக்கள் 1983 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பணம் கொடுத்து உள்ளே வந்தவருக்கு முடிவைக் காட்டாமல் அனுப்பினால் அவர் மனத்தில் ஏக்கமும் எரிச்சலும் கலந்து தங்கும். அந்தக் கலவைதான் பகடிக்கு எரிபொருள்.

மோர்ட் ட்ரக்கரின் கோடுகளைப் பற்றி நான் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1929இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்த அவர், 1950களின் நடுப்பகுதியிலிருந்து ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக 'மேட்' இதழுக்கு வரைந்தார். 2020 ஏப்ரலில், 91ஆம் வயதில் மறைந்தார். மூக்கைப் பெரிதாக்கினால் கேலிச்சித்திரம் வந்துவிடும் என்று நம்பும் ஓவியர்கள் உண்டு. ட்ரக்கர் அவ்வாறு வரைந்தவர் அல்லர். முகச் சாயல் மட்டும் போதாது, முழு மனிதனும் வர வேண்டும், குறிப்பாகக் கைகள் பேச வேண்டும் என்பது அவரே சொன்ன கொள்கை. ஹான் சோலோவாக நடித்த ஹாரிசன் ஃபோர்டு, அவர் வரைந்த படங்களில் ஒரு கட்டத்தில் முன்பக்கம், அடுத்ததில் பக்கவாட்டில், அதற்கடுத்ததில் பாதி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாலும், மூன்றிலும் அவர் ஹாரிசன் ஃபோர்டுதான். அந்நாளில் இந்தப் படம் வீடியோவாக வந்திருக்கவில்லை. ஒரு காட்சியை நிறுத்திவைத்துப் பார்த்து வரையும் வசதி ஓவியருக்குக் கிடையாது. விளம்பரத்துக்காக வெளியிடப்பட்ட நிழற்படங்களும் நினைவும்தான் துணை. ஒரு நிழற்படத்தில் ஒரே கோணம்தான் இருக்கும்; மற்றக் கோணங்களையெல்லாம் ட்ரக்கர் தன் அறிவால் கண்டடைந்தார் என்பதை எண்ணும்போது எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய புத்தகக் கடையில் ட்ரக்கர் வரைந்த பகடிகள் அடங்கிய இதழொன்று எனக்குக் கிடைத்தது. படத்தைப் பார்க்காமலே பகடியைப் படித்தேன். கதை முழுவதும் புரிந்தது. படங்கள் அவ்வளவு உண்மையாக இருந்தன. உடையும் அரங்கமும் ஒளியும் மூலத்துக்கு உண்மையாக இருந்தால்தான், குமிழுக்குள் இருக்கும் பொருந்தா வசனம் சிரிப்பாக வெடிக்கும். அலட்சியமாக வரைந்த பகடி வெறும் வசையாகிவிடும். பகடி செய்பவர் மூலத்தை ரசிகரைவிடவும் கூர்ந்து பார்த்தவராக இருக்க வேண்டும் என்பதை நான் ட்ரக்கரிடமிருந்துதான் கற்றேன்.

இங்கே ஓர் உறவுமுறையையும் சொல்லிவிடுகிறேன். 'மேட்' இதழ் 1952இல், ஹார்வி கர்ட்ஸ்மன் ஆசிரியராக, வில்லியம் கெய்ன்ஸின் ஈ.சி. நிறுவனத்தில் வண்ணச் சித்திரக்கதையாகப் பிறந்தது. 1955இல்தான் கறுப்பு வெள்ளை இதழாக மாறியது. உரிமை பெற்ற ஸ்டார் வார்ஸ் கதையை வரைந்த அல் வில்லியம்சன், இளமையில் அதே ஈ.சி. நிறுவனத்தின் விண்வெளிக் கதைகளை வரைந்தவர். 'மேட்' இதழுக்குப் போட்டியாக 1958இல் தொடங்கிய 'கிராக்ட்' இதழும் அந்த ஆண்டுகளில் ஸ்டார் வார்ஸைத் திரும்பத் திரும்பப் பகடி செய்தது. அதன் தலைமை ஓவியர் ஜான் செவரின், 'மேட்' முதல் இதழிலேயே வரைந்தவர். ஆகவே, அந்தப் படத்தைப் போற்றி வரைந்த கையும் போட்டி இதழில் கேலி செய்து வரைந்த கையும் ஒரே பட்டறையில் பழகியவை. மார்வெல் நிறுவனமோ ஒருபுறம் உரிமை பெற்ற கதையை வெளியிட்டுக்கொண்டே, மறுபுறம் 'கிரேசி' என்ற நகைச்சுவை இதழையும் நடத்திவந்தது.

உரிமை கேட்காமல் வெளியிட்டார்கள் என்றேன். அதற்கு விலை இருந்தது. 'மேட்' வெளியான பின், படத்தைத் தயாரித்த லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தின் வழக்கறிஞர்களிடமிருந்து கண்டனக் கடிதம் வந்ததையும், இதழைத் திரும்பப் பெற வேண்டும், வருவாயை ஒப்படைக்க வேண்டும் என்று அதில் கேட்டிருந்ததையும் டிபார்டோலோ பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ஆனால் அதே பகடியைப் படித்துவிட்டு, ஸ்டார் வார்ஸை உருவாக்கிய ஜார்ஜ் லூகாஸும் தனியாக ஒரு கடிதம் எழுதியிருந்தார். ட்ரக்கருக்கும் டிபார்டோலோவுக்கும் சிறப்பு ஆஸ்கர் விருது தர வேண்டும் என்றும், அவர்கள் இருவரும் சித்திர அங்கதத்தின் பெர்னார்ட் ஷாவும் லியனார்டோ டாவின்சியும் ஆவார்கள் என்றும் அதில் பாராட்டியிருந்தார். இதழினர் வாதம் எதுவும் எழுதவில்லை. லூகாஸின் கடிதத்தை நகலெடுத்து வழக்கறிஞர்களுக்கு அனுப்பிவைத்தார்கள். பிணக்கு அதோடு முடிந்தது.

லூகாஸின் அந்த மதிப்பு திடீரென வந்ததன்று. 1973இல் அவர் இயக்கிய 'அமெரிக்கன் கிராஃபிட்டி' படத்தின் சுவரொட்டியை வரைந்தவர் இதே ட்ரக்கர்தான். இதழின் பக்கமும் சட்டம் வலுவாகவே நின்றது. பாடல்களைப் பகடி செய்ததற்காக பாடலாசிரியர் இர்விங் பெர்லின் உள்ளிட்டோர் தொடுத்த வழக்கில், 1964இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 'மேட்' இதழுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்திருந்தது. ஒரு யாப்பு வடிவத்தின் மீது எவரும் தனியுரிமை கோர முடியாது என்ற கருத்தை அந்தத் தீர்ப்பில் நீதிபதி இர்விங் காஃப்மன் எழுதினார். அமெரிக்காவில் பகடி எழுதுவோர் பிற்காலத்தில் அச்சமின்றி மூச்சுவிட அந்தத் தீர்ப்பு பெரிதும் உதவியது என்றே கருதுகிறேன்.

மூன்றாம் படமான 'ரிடர்ன் ஆஃப் தி ஜெடாய்' 1983 மே மாதம் வந்தது. அவ்வாண்டு அக்டோபர் இதழில் 'மேட்' வைத்த தலைப்பு 'ஸ்டார் போர்ஸ்'. முதல் படத்துக்குக் கர்ஜனை என்று பெயர் வைத்தவர்கள், மூன்றாவதற்குச் சலிப்பு என்று பெயர் வைத்தார்கள். 'ரிடர்ன்' என்ற சொல்லையும் 'ரீஹாஷ்', அதாவது பழையதையே மறுபடி கிண்டிக் கொடுப்பது என்று மாற்றியிருந்தார்கள். தொடர்ச்சிகளைப் பற்றிய அவர்களுடைய தீர்ப்பு இந்தத் தலைப்புகளின் வரிசையிலேயே இருக்கிறது. ஆனால் உள்ளே பக்கங்களைப் புரட்டினால் ஒரு கோட்டில்கூடச் சலிப்பு இல்லை. இம்முறையும் எழுதியவர் டிபார்டோலோ. வரைந்தவர் மோர்ட் ட்ரக்கர்.